பல்மீரா அவிழ்த்த கட்டு

பல்மீரா கோபக்காரி. சீலே ஆற்றுப் பாலத்தை ஒட்டியிருந்த எவாரிஸ்தோவின் அச்சுக்கூடத்துக்கு முதல்முறை வருகிறவர்களுக்கே அது தெரிந்துவிடும். கதவைத் திறந்துபோட்டபடி உள்ளே வந்தால் கோபம்; காற்றில் தாள் பறக்கும். ஈரக் குடையை எழுத்து மேசைமேல் வைத்தால் கோபம். கல்யாண அழைப்பு அடிக்க வந்தவன் பெண்ணின் பேரை யோசித்துச் சொன்னால் அதற்கும் ஒரு கோபம். சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குப் போனால், அவள் முழங்காலை ஊன்றும் முன்பே தோன் லீனோ சாமி உள்ளிருந்து கேட்பார்: "இந்த வாரம் யார் மேல?"

அந்த ஊர்ப் பேச்சில் பல்மா என்றால் ஓலை; குருத்தோலை ஞாயிறன்று பிறந்ததால் அந்தப் பேர். அப்பா படகுக்காரர், சூளையிலிருந்து செங்கல் ஏற்றி வெனிஸ் வரைக்கும் கொண்டுபோவார். முதல் யுத்தம் முடிந்த வருஷம், மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, அச்சுக்கூடத்துக்குத் தரை பெருக்க வந்தாள். கொட்டிக் கிடக்கும் ஈய எழுத்துகளைப் பொறுக்கி அந்தந்த அறையில் போட்டுப் போட்டுக் கை பழகியது. பிறகு அச்சுக்கோக்கவே நின்றுவிட்டாள். நேராக வாசிப்பதைவிடத் தலைகீழாக வாசிப்பது அவளுக்குச் சுளுவு. கல்யாணம் ஆகவில்லை. பெண் கேட்டு ஒருவன் வந்தான். பூசை நடக்கும்போது கோயிலுக்கு வெளியே நின்று சுருட்டுப் பிடித்தவன் அவன் என்று தெரிந்ததும் வேண்டாம் என்றுவிட்டாள். அந்த ஊரில் ஆம்பிளைகள் பாதிப்பேர் அப்படித்தான் பூசை கண்டார்கள். ஆகவே அதற்குப்பின் யாரும் கேட்கவில்லை.

அவளுக்குக் கோபமே வராத பொருள் ஒன்று உண்டென்றால், அது சன்னலோரப் பெட்டியில் இருந்த பழைய எழுத்து. வெனிஸ் நகரத்து அச்சுக்காரர்கள் அந்தக் காலத்தில் வெட்டிய வடிவம். பேனாவால் எழுதியதுபோல் இருக்கும். கோடு தடித்து வரும், மெலிந்து போகும், எதுவும் கண்ணைக் குத்தாது. வட்ட எழுத்தெல்லாம் லேசாகச் சாய்ந்திருக்கும், நடந்து களைத்தவன் சுவரில் தோளைக் கொடுத்து நிற்பதுபோல. ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் சின்னப் பாதம் உண்டு. அந்தப் பாதமும் தனியாக வெட்டி ஒட்டினாற்போல் இருக்காது. மரம் வேர்ப்பக்கம் அகலுவதுபோல மெள்ள அகன்று ஊன்றும். எண்கள்கூடப் பட்டாளத்துக்காரர்கள் மாதிரி ஒரே உயரத்தில் விறைத்து நிற்காமல், ஒன்று குள்ளமாக, ஒன்று காலைக் கீழே தொங்கவிட்டு, எழுத்துகளுக்கு நடுவே கலந்து போய்விடும். கண் மங்கின கிழவிகள் அந்த எழுத்தில் இருந்தால்தான் செபப்புத்தகத்தை வாங்குவார்கள்.

நாகரிக எழுத்து என்று ஒன்றும் அங்கே இருந்தது. பருத்த தூணும் மயிரிழைக் கோடுமாக, கஞ்சி போட்ட கழுத்துப்பட்டை மாதிரி நிற்கும். பத்திரம் எழுதுகிறவர்களும் வங்கிக்காரர்களும் அதைத்தான் கேட்பார்கள். பிறகு, பாதமே இல்லாத மொட்டை எழுத்து. தடியை நிறுத்தி வைத்தாற்போல் இருப்பதால் தடி எழுத்து என்று பேர். சினிமா, சர்க்கஸ், பன்றிச் சந்தை, யுத்தத்துக்கப்புறம் வந்த தேர்தல் எல்லாம் அதில்தான்.

"கத்துறதுக்குத் தடி. மிரட்டுறதுக்குத் தூண். தொப்பியைக் கழட்டிட்டு வாசிக்கிறதுக்குப் பழசு," என்பாள் பல்மீரா. முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளின் படம், நவநாள் செபத் தாள், கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் தோழர்கள் எழுதிக்கொடுக்கும் பாட்டு, இவற்றுக்கெல்லாம் பழைய எழுத்து. எல்லாவற்றுக்கும் மேலாகச் சாவுத் தாளுக்கு.

ஊரில் யார் செத்தாலும் கறுப்புக் கரை போட்ட தாள் சுவரில் ஏறும். குடும்பத்தார் ஒன்று ஒட்டுவார்கள். வேலை பார்த்த இடத்தார், ஒன்றாகச் சீட்டாடினவர்கள், யாருக்கு மனசிருக்கிறதோ அவர்கள் பக்கத்திலேயே இன்னொன்று ஒட்டுவார்கள். ஒட்டின தாளை ஒருவரும் கிழிக்கமாட்டார்கள். செத்தவர் பேர் இருக்கிறது, கிழித்தால் பாவம். மழையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போனால்தான் உண்டு. வாசகம் எப்போதும் ஒன்றேதான்: "திருச்சபையின் ஆறுதல்களைப் பெற்று, அமைதியாக ஆண்டவரிடம் சென்றார்." ஆறுதல்கள் என்றால், உயிர் இருக்கும்போதே சாமி வந்து எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதலும், கடைசி நன்மையாகக் கொடுக்கிற அப்பமும். ஒவ்வொரு சாவுக்கும் இதைப் புதிதாகக் கோப்பானேன் என்று எவாரிஸ்தோ அந்த வரிகளை மொத்தமாக நூலால் கட்டி, பிரிக்காமல் தட்டில் வைத்திருந்தார். சாவு விழுந்தால் பேரும் வயசும் மேலே கோத்துவைத்து மையைத் தடவவேண்டியதுதான்.

"இந்த எழுத்துல போட்டா சுவிசேஷம் மாதிரி. ஒருத்தன் சந்தேகப்படமாட்டான்," என்று எவாரிஸ்தோ வருகிறவர்களிடம் பெருமையடிப்பார். பல்மீராவும் அதைக் கேட்டுத் தலையாட்டினவள்தான்.

ஐம்பத்தாறாம் வருஷம், தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கவாலியேர் ஒர்த்தோலானின் செங்கல் சூளையில் கூரை விழுந்தது. கவாலியேர் என்பது அரசாங்கம் கொடுத்த பட்டம். ஊரில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. அந்தச் சூளையில் நெருப்பு ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும், அணையவிடமாட்டார்கள். கூரையில் நவம்பரில் வந்த கல்லறைத் திருநாளிலிருந்தே விரிசல். பழுது பார்க்கவேண்டுமானால் நெருப்பை அணைக்கவேண்டும். மேஸ்திரி கஸ்பரேயிடம் சொன்னார்கள். அவன் கவாலியேரிடம் சொன்னான். "வெயில் காலத்துல பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது. சூடு ஆறாத அறைக்குள் போய்ச் செங்கல் எடுத்துக்கொண்டிருந்த ஒலிந்தோ என்ற சூளைக்காரரின் மேல் கூரை அப்படியே உட்கார்ந்துவிட்டது.

கொஞ்ச நேரம் உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டது கேட்டது. ஆட்கள் கையாலேயே செங்கலைப் பறித்தார்கள். பிறகு கேட்கவில்லை. தோன் லீனோ சாமி ஞானோபதேச வகுப்பை அப்படியே விட்டுவிட்டு, எண்ணெய்ச் சிமிழோடு ஓடிவந்தார். ஒலிந்தோவை வெளியே எடுக்கும்வரை அங்கேயே நின்றார். எடுத்துக் கிடத்தினதும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சிமிழின் மூடியை அவர் திறக்கவேயில்லை. சூளைக்காரர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

ஒலிந்தோவின் மூத்த பெண்ணுக்கு ஞானஸ்நானத்தில் பல்மீராதான் ஞானத்தாய். ஒரு பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டியில் தூக்கிப் பிடித்துவிட்டால் அதன் தாயும் ஞானத்தாயும் அன்றிலிருந்து ஒருத்திக்கு ஒருத்தி கொமாரே. உடன்பிறந்தவளைவிட ஒரு படி மேல். அதனால் புதன்கிழமை காலை அவள் வேலைக்குப் போகாமல் சாவு வீட்டில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒலிந்தோவின் மனைவி தொசொலீனா செபத்துக்குப் பதில் சொல்லாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்குப்பின் பல்மீரா அச்சுக்கூடத்துக்குத் திரும்பினாள். வழியில் நகராட்சிச் சுவரில் பசை ஈரம் காயாத ஒரு தாளைப் பார்த்தாள்.

ஒலிந்தோ பத்திஸ்தேல். வயசு. அதற்குக் கீழே, திருச்சபையின் ஆறுதல்களைப் பெற்று, அமைதியாக ஆண்டவரிடம் சென்றார். துக்கத்துடன் கவாலியேர் ஒர்த்தோலான்.

பழைய எழுத்து. சாய்ந்த வட்டங்கள், சின்னப் பாதங்கள், எல்லாம் அவள் கை தொட்டவை. கோயில் முகப்பில் செதுக்கினாற்போல் அடக்கமாக, மரியாதையாக நின்றுகொண்டு, அந்தத் தாள் பச்சைப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

அச்சுக்கூடத்துக் கதவை அவள் சாத்தவில்லை.

"யார் கோத்தது?"

எவாரிஸ்தோ மை உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கதவைச் சாத்தும்மா. காத்து வருது."

"யார் கோத்ததுன்னு கேக்குறேன்."

"நான்தான். நீ இல்ல. கட்டு தயாரா இருந்துச்சு, எடுத்து வெச்சேன்."

"ஒலிந்தோ அவஸ்தைப்பூசுதல் வாங்கினதை நீங்க பாத்தீங்களா?"

"எல்லாருக்கும் அந்தக் கட்டுதானே பல்மீரா! பால்காரர் செத்தப்பவும் அதுதான், மடத்துத் தாயார் செத்தப்பவும் அதுதான்."

"பால்காரர் மெத்தையில செத்தாரு. அவர் தலையில கூரை விழல."

"கவாலியேர் கஸ்பரேயை அனுப்பிச்சாரு. வழக்கமானதைப் போடுங்க, நல்ல எழுத்துல போடுங்கன்னாரு. போய்ச் சாமிகிட்டச் சீட்டு வாங்கிட்டு வாங்கன்னு நான் திருப்பி அனுப்பணுமா?"

"அனுப்பணும்! செருப்பால அடிச்சு அனுப்பணும். ஆண்டவர் குடுத்த தேவதிரவிய அனுமானத்துல பொய் சொல்றாரு உங்க கவாலியேர். கத்தரிக்காய் விலையிலயா பொய் சொன்னாரு?"

"என் கவாலியேர் இல்ல. ஆனா அவர் சூளைக்கு நாமதான் சீட்டு அடிக்கிறோம், காலண்டர் அடிக்கிறோம். நீ திங்கிற பொலெந்தாக் களியில பாதி மாவு அங்கேயிருந்துதான் வருது, தெரியும்ல?"

பல்மீரா பதில் சொல்லும் முன் மரக்கட்டைச் செருப்புச் சத்தம் கேட்டது. வாசலில் தொசொலீனா நின்றாள். தலையில் கறுப்புத் துணி. அழவில்லை. புருஷன் பிணம் வீட்டில் கிடக்கும்போது பெண்கள் தெருவில் வருகிற வழக்கம் கிடையாது. எவாரிஸ்தோ சட்டென்று தொப்பியைக் கழற்றினார்.

"கொமாரே," என்றாள் தொசொலீனா. "சுவத்துல இருக்கறதை எழுத்துக்கூட்டி வாசிச்சேன். தப்பா வாசிச்சேனா?"

"இல்ல. சரியாத்தான் வாசிச்சே."

"ரொட்டிக்கடைக்காரி என் பக்கத்துல நின்னு வாசிச்சா. நான்தான்னு தெரியல, துணி போத்தியிருந்தேன்ல. சிலுவை போட்டுக்கிட்டா. 'நல்ல சாவு, குடுத்து வெச்சவரு'ன்னா. கூடையைத் தூக்கிட்டுப் போயிட்டா." தொசொலீனாவின் குரல் உயரவில்லை. "நல்ல சாவாம். அவரு போன ஈஸ்டருக்கே பாவசங்கீர்த்தனம் பண்ணல கொமாரே. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டே இருந்தாரு. அது எனக்கு மட்டும்தான் தெரியும். எண்ணெயும் பூசல, நன்மையும் வாங்கல. பாவம் தீர்ற மட்டும் உத்தரிக்கிற ஸ்தலத்துல அவரு எப்படிக் கெடக்காரோ. இந்த ஊரு மொத்தமும் அவருக்காக முழங்கால்ல விழணும். இதை வாசிச்சா எவன் விழுவான்? மோட்சத்துக்கு நேரா போயிட்டவனுக்கு யார் செபம் சொல்லுவா? எம் புருஷனை எடுத்துக்கிட்டாங்க. அவருக்குச் சேரவேண்டிய செபத்தையும் எடுத்துக்கிட்டாங்களே!"

பல்மீராவுக்கு எப்போதும் வருகிற கோபம் பால் பொங்குவது மாதிரி. பொங்கும், வழியும், அடங்கும். இது அப்படி வரவில்லை. அடிவயிற்றில் ஈயத்தை உருக்கி ஊற்றினாற்போல் கனத்து, அங்கேயே உறைந்தது.

"உனக்கு என்ன வேணும், சொல்லு," என்றாள்.

"எம் பேர்ல ஒரு தாள். அடக்கம் நாளைக்குக் காலையில. இருட்டுறதுக்குள்ள சுவத்துல ஏறணும்."

எவாரிஸ்தோ தொண்டையைக் கனைத்தார். "தாராளமா அடிக்கலாம் தொசொலீனாம்மா. காசெல்லாம் வேண்டாம். ஆனா பழைய எழுத்துல முடியாது. ஒரு பெட்டிதான் இருக்கு, மொத்தமும் அந்தத் தாள்ல மாட்டிக்கிட்டிருக்கு. பக்கத்து ஊர்களுக்கும் அடிக்கணும், பிரிக்காதேன்னு கவாலியேர் சொல்லியனுப்பியிருக்காரு. சாயங்காலம் கஸ்பரே வாங்க வருவான். உங்களுக்குத் தடி எழுத்துல அடிச்சுத் தரேன். பெருசா, தூரத்துலேர்ந்தே தெரியும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. சாவுத் தாளுக்கு வேண்டிய பெரிய அளவில் பழைய எழுத்து ஒரே பெட்டி. அந்தப் பக்கத்துப் பேச்சில் சொல்லெல்லாம் உயிரெழுத்தில் போய்த்தான் முடியும். ஒரு தாளைக் கோத்தாலே பெட்டியில் உயிரெழுத்து அறைகள் காலி. ஒன்றைப் பிரித்துப் போட்டால்தான் இன்னொன்று.

"தடியிலயா?" என்றாள் பல்மீரா. "அதுக்குப் பக்கத்துல இதைத் தடியிலயா ஒட்டுவீங்க? அவரு கோயிலுக்குள்ள நின்னு செபம் சொல்றாப்பல இருக்கும், இவ சந்தையில நின்னு மீன் விக்கிறாப்பல இருக்கும். ஜனங்க யாரை நம்புவாங்க? அதே எழுத்து வேணும் முதலாளி. அவரு எந்த எழுத்துல பொய் சொன்னாரோ அதே எழுத்து."

"பல்மீரா, அந்தக் கட்டைத் தொட்டே, ஏப்ரனைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வீட்டுக்குப் போ."

அவள் இரும்பு மேசைக்குப் போனாள். சட்டத்தின் திருகைத் தளர்த்தினாள். நூலின் முனையை நகத்தால் நெம்பி எடுத்து, சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். எத்தனையோ பேருடைய சாவைக் கட்டிவைத்திருந்த நூல். மை ஏறிக் கறுத்து, விறைத்துப்போயிருந்தது. அமைதியாக என்ற சொல்லைத்தான் முதலில் பிரித்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தத்தம் அறையில் விழுந்தன.

எவாரிஸ்தோ அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நான் எதிர்க்கடையில ஒரு கிண்ணம் குடிச்சிட்டு வரேன். நான் இங்க இல்ல. நான் எதையும் பாக்கல."

"போங்க. ஆண்டவரைச் சிலுவைக்குக் குடுத்துட்டுப் பிலாத்துவும் கையைத்தான் கழுவினான்."

"இந்த வாயி இருக்கே, இந்த வாயி," என்று முனகினார். ஆனால் வாசலோடு நின்றுவிட்டார்.

எழுத்தை வரியாகக் கோக்கிற ஸ்டிக்கைப் பல்மீரா இடது கையில் ஏந்தினாள். "சொல்லு கொமாரே."

"கொன்னுட்டாங்கன்னு போடு."

பல்மீராவின் கை உடனே எழுத்துக்குப் போனது. அந்தச் சொல்லைக் கோக்க அவளுக்குப் பிடித்திருந்தது. முதல் எழுத்துகளைக் கோத்தும்விட்டாள்.

"போடாதே," என்றார் வாசலில் நின்ற எவாரிஸ்தோ. "என்னை அடிக்க வராதே, கேளு. நகராட்சி முத்திரை இல்லாம ஒட்டுறவன் ஒட்டமாட்டான். கொன்னுட்டாங்கன்னு இருந்தா அங்க உக்காந்திருக்கிறவன் முத்திரை குத்தமாட்டான். நாளைக்குத் தாளே இருக்காது. அப்புறம் உன் கொமாரேக்கு என்ன செபம் கிடைக்கும்?"

அவர் சொன்னது சரி என்பதுதான் பல்மீராவுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கோத்த எழுத்துகளைத் திருப்பி அறையில் எறிந்தாள். தொசொலீனா சன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தபடி யோசித்தாள்.

"அப்ப நடந்ததைப் போடு. நடந்ததை மட்டும். அதுக்கு எவன் முத்திரை மாட்டேங்கிறான்னு பாக்கறேன்."

அவள் சொல்லச் சொல்ல, பல்மீரா கோத்தாள்.

"ஒலிந்தோ பத்திஸ்தேல் சூளையின் கூரை விழுந்து இறந்தார். கூரையில் கல்லறைத் திருநாளிலிருந்து விரிசல் இருந்தது. சாமி தொட்டபோது அவர் உயிரோடு இல்லை. ஆறுதல் ஒன்றும் பெறாமல் போனார். வாசிக்கிறவர்கள் அவருக்காகச் செபியுங்கள். மனைவி தொசொலீனா."

உயிரெழுத்து போதவில்லை. கவாலியேர் ஒர்த்தோலான் என்ற பேரையும் பிரித்து எடுத்துக்கொண்டாள். மையைத் தடவி ஒரு தாள் எடுத்தாள். கறுப்புக் கரைக்கு நடுவே, வரிகள் சத்தம் போடாமல் நின்றன. வட்ட எழுத்துகள் அதேபோல் சாய்ந்திருந்தன. பாதங்கள் அதேபோல் ஊன்றியிருந்தன. எழுத்து முன்னே எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. கோபம் எங்கேயும் தெரியவில்லை. அதனாலேயே வாசிக்கிறவன் எங்கேயும் ஒதுங்க முடியாது என்று தோன்றியது.

எவாரிஸ்தோ எட்டிப் பார்த்தார். "கொன்னுட்டாங்கன்னு போட்டிருந்தாக்கூட இவ்வளவு மோசமா இருந்திருக்காது," என்றார். பிறகு கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு இயந்திரத்தின் சக்கரத்தைத் தானே சுற்றினார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஏப்ரனைப் பற்றி அவரும் பேசவில்லை.

முத்திரை கிடைத்தது. அதில் மறுக்க ஒன்றும் இல்லை. பொழுது சாயும் முன் ஊர்ச் சுவர்களில் கவாலியேரின் தாளுக்குப் பக்கத்தில், தோளோடு தோளாக, தொசொலீனாவின் தாள் ஏறியது.

கஸ்பரே வந்தபோது கடைக்குள் நுழையும் முன்பே அதை வாசித்துவிட்டிருந்தான். முகம் செங்கல் நிறமாக இருந்தது.

"அடடே எழுத்துக்காரம்மா! ஊருக்கே நியாயம் சொல்ல வந்துட்டீங்க. எங்க கவாலியேரோட தாள்?"

"அது இப்ப இல்ல."

"இல்லன்னா?"

"எழுத்தை வேற வேலைக்கு எடுத்துட்டோம்."

"கோத்ததைப் பிரிக்க உனக்கு யாரு அதிகாரம் குடுத்தது? கல்யாணம் கட்டியிருந்தா புருஷன்கிட்டப் போய்ச் சொல்லலாம். உன்னை யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

பல்மீரா சுவரில் மாட்டியிருந்த, சிலுவையில் ஆண்டவர் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "உங்க கவாலியேரை இங்க வரச்சொல்லு. இதுமேல கை வெச்சு, ஒலிந்தோ அவஸ்தைப்பூசுதல் வாங்கினாருன்னு சத்தியம் பண்ணச் சொல்லு. என் கையாலயே திருப்பிக் கோத்துத் தரேன். அவருக்குக் கால் வலின்னா நீ பண்ணு. நீதான் அங்க நின்னியே. சிமிழ் மூடியை நீயும்தானே பாத்தே?"

கஸ்பரே சுரூபத்தைப் பார்த்தான். கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான். "அந்தத் தாளைக் கிழிச்சு எறியறேன் பாரு."

"கிழி. ஒலிந்தோ பேர் இருக்கு. உன்கூட வேலை பாத்தவன் பேரு. கிழிச்சிட்டு ராத்திரி தூங்கு."

அவன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். தாள் கிழியவில்லை. சூளையின் அச்சு வேலைதான் மறுவாரமே திரெவீசோ நகரத்திலிருந்த வேறொரு அச்சுக்கூடத்துக்குப் போனது. அந்த வருஷம் முழுக்க எவாரிஸ்தோ கறியில்லாத சாப்பாட்டைப் பற்றிப் பல்மீராவிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை அடக்கம். தோன் லீனோ சாமி முன்னால் போக, பெட்டியைச் சூளைக்காரர்கள் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். நகராட்சிச் சுவர் வந்ததும் பெட்டி நின்றுவிட்டது. யாரும் நிற்கச் சொல்லவில்லை. முன்னால் தூக்கியவர்கள் அந்தத் தாளை வாசிக்க நின்றார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவன் உரக்க வாசித்தான். வாசகம் முடிந்தபோது ரொட்டிக்கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே சேற்றில் முழங்காலிட்டாள். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லாரும். பூசைக்கு வெளியே நின்று சுருட்டுப் பிடிக்கிற ஆம்பிளைகள் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு தரையில் முழங்காலிட்டார்கள். பின்னால் காலடிச் சத்தம் இல்லாததைக் கண்டு சாமி திரும்பிப் பார்த்தார். பிறகு நடந்து வந்து சுவரருகே நின்று, மரித்தோர் செபத்தைத் தொடங்கினார். தொசொலீனா முதல்முறையாகச் செபத்துக்குப் பதில் சொன்னாள். அப்போதுதான் அழுதாள்.

பல்மீராவின் கோபம் அதனால் தீரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போனாள்.

"இந்த வாரம் யார் மேல?"

"கவாலியேர் மேல. கஸ்பரே மேல. எங்க முதலாளி மேல. உங்க மேல."

சாமி உள்ளிருந்து கம்பிவலைப் பக்கம் தலையைச் சாய்த்தார். பிறகு, "என் மேல ஏன்?"

"சிமிழைத் திறக்கலன்னு உங்களுக்குத் தெரியும். புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல அந்தச் சுவத்தைத் தாண்டித்தான் சாவு வீட்டுக்குப் போனீங்க. வாசிச்சீங்களா இல்லையா?"

"வாசிச்சேன்."

"ஒண்ணும் சொல்லலையே சாமி."

"இல்ல. சொல்லல." பிறகு கேட்டார்: "இந்தக் கோபத்தைப் பாவம்னு நெனச்சு வருத்தப்படுற மனஸ்தாபம் உனக்கு உண்டா, பல்மீரா?"

"இல்ல."

"மனஸ்தாபம் இல்லாம எப்படி நான் மன்னிப்புக் குடுக்க?"

"குடுக்காதீங்க. அடுத்த வாரம் வரேன்."

அவள் எழுந்திருக்கும்போது உள்ளேயிருந்து, "எனக்காக ஒரு செபம் சொல்லிக்கோ," என்று குரல் வந்தது.

அதன்பின் எவாரிஸ்தோவின் அச்சுக்கூடத்தில் சாவு வாசகத்தைக் கட்டி வைக்கிற வழக்கம் இல்லை. யார் வந்தாலும் பல்மீரா ஸ்டிக்கைக் கையில் எடுக்கும் முன் கேட்பாள்: "சாமி நேரத்துக்கு வந்தாரா? அமைதியாப் போனாரா?" துக்கத்தில் வருகிறவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். சண்டை போடுவார்கள். அவளும் போடுவாள். கேட்காமல் மட்டும் கோக்கமாட்டாள்.

பல வருஷம் கழித்துக் கவாலியேர் ஒர்த்தோலான் செத்தார். மகன் வந்தான். திரெவீசோவுக்கு ஆள் அனுப்ப நேரமில்லை. "வழக்கமானதைப் போடுங்க," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டே.

"சாமி வந்தாரா?"

"வந்தார். எல்லாம் குடுத்தார்."

"அமைதியாப் போனாரா?"

மகன் தொப்பியைத் திருகினான். "இல்ல. ரொம்பக் கத்தினார்."

பல்மீராவின் தலை அப்போது நரைத்திருந்தது. ஒலிந்தோ செங்கலுக்கு அடியிலிருந்து கூப்பிட்டது அவள் நினைவுக்கு வந்தது. அவள் அதைக் கேட்டவள் இல்லை, கேட்டவர்கள் சொன்னதுதான். அந்த ஈயம் இன்னும் அடிவயிற்றில் அப்படியே இருந்தது. சன்னலோரப் பெட்டிக்குப் போய், பழைய எழுத்திலேயே கோத்தாள். திருச்சபையின் ஆறுதல்களைப் பெற்றார் என்று போட்டாள். அமைதியாக என்பதைப் போடவில்லை. அந்த இடத்தில், வாசிக்கிறவர்கள் அவருக்காகச் செபியுங்கள் என்று போட்டாள்.

"அது எதுக்கு?" என்றான் மகன். "எங்க குடும்பத்துக்கு அது வழக்கமில்லையே."

"கத்தினவருக்கு ஆள் வேணும்ல," என்றாள் பல்மீரா.

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அந்தத் தாளின் முன்னால் நின்றாள். மரித்தோர் செபத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் சொன்னாள். சொல்லி முடித்துச் சிலுவை போடும்போதுதான் தாள் கோணலாக ஒட்டியிருப்பதைக் கவனித்தாள். முக்காட்டை இழுத்து முடிந்துகொண்டு, ஒட்டினவனைத் தேடிப் போனாள்.